எல்லாமே ஃபுல் டாஸ்தானே, அடிக்க ஏன் முடியாது?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். வயது 27. ஞாயிற்றுக்கிழமைகளில் டென்னிஸ் பால் மேட்ச், அவ்வப்போது லெதர் பால் லீக் ஆடுகிறேன். ஓப்பனர். பவுலிங் மெஷினில் 130 கி.மீ. வேகத்தைத் தயக்கமில்லாமல் ஆடுவேன். ஆபீஸ் வேலையாக இரண்டு மாதம் பாஸ்டன் போகிறேன். அங்கிருக்கும் டீம் லீட், “எங்கள் புரொஃபஷனல் பிட்ச்சர் பத்துப் பந்து போட்டால் உன்னால் ஒன்றைக்கூடத் தொட முடியாது” என்கிறார். பேஸ்பாலில் பந்து தரையில் படுவதே இல்லை, எல்லாமே ஃபுல் டாஸ். அதை அடிப்பது அவ்வளவு கஷ்டமா? அங்கே போய் மானம் போகாமல் இருக்க இங்கேயே என்ன பயிற்சி செய்யலாம்?

பதில்: உங்கள் டீம் லீட் சொல்வது முக்கால்வாசி சரி. தொடவே முடியாது என்பதுதான் கொஞ்சம் மிகை. ஓப்பனராக ஆடிப் பழகிய கைக்குப் பத்தில் ஒன்றிரண்டு பந்து பேட்டில் உரசிக்கொண்டு பின்னால் போகும். பேஸ்பாலில் அது ஃபௌல், ரன் கிடையாது. முன்னால் கோட்டுக்குள் அழுத்தமாக ஓர் அடி விழுமா என்று பந்தயம் வைத்தால், நான் உங்கள் டீம் லீட் பக்கம்தான் பணம் கட்டுவேன். வார இறுதிகளில் பிள்ளைகளுக்கு சாஃப்ட்பாலும் பேஸ்பாலும் சொல்லிக்கொடுக்கிறேன். நல்ல கிரிக்கெட் கை உள்ளவர்கள் இந்தப் பேட்டைப் பிடித்துத் திணறுவதை வழக்கமாகப் பார்க்கிறவன் நான்.

இதைச் சோற்றுக்கே செய்கிறவர்களின் கணக்கைப் பாருங்கள். அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கில் 2024 சீசனின் மொத்த பேட்டிங் சராசரி .243. நான்கு வாய்ப்பில் ஒரு ஹிட்கூட முழுசாகத் தேறவில்லை. ஐந்து பேர் ஆட வந்தால் ஒருவருக்கு மேல் ஸ்டிரைக் அவுட், அதாவது மூன்று ஸ்டிரைக் வாங்கி வெளியே. மேஜர் லீக்கின் இரு பிரிவுகளான அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் இரண்டிலும் சேர்த்து, ஒரு சீசனில் கடைசியாக .400-ஐத் தாண்டியவர் நீங்கள் போகிற ஊர் அணிக்காரர்தான்: பாஸ்டன் ரெட் சாக்ஸின் டெட் வில்லியம்ஸ், 1941-இல் .406. (ஃபென்வே பார்க் மைதானத்துக்குப் போனால் வலது பக்கக் கேலரியைப் பாருங்கள். வரிசை வரிசையாகப் பச்சை நாற்காலிகள், நடுவே ஒன்று மட்டும் சிவப்பு. 1946-இல் அவர் அடித்த 502 அடி ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) விழுந்த இடம் அது.) இன்னொரு பக்கம் மைக்கேல் ஜோர்டன். பாஸ்கெட்பாலில் எல்லாவற்றையும் ஜெயித்துவிட்டு 1994-இல் பர்மிங்ஹாம் பாரன்ஸ் அணிக்குப் பேஸ்பால் ஆடப் போனார். மேஜர் லீக்குக்கு இரண்டு படி கீழே இருக்கிற அணி. சராசரி .202, ஸ்டிரைக் அவுட் 114. உடல்திறன் குறைவு என்று அவரை யாரும் சொல்ல முடியாது.

முதலில் நேரத்தைப் பார்த்துவிடலாம். பிட்ச்சர் நிற்கும் மேட்டிலிருந்து, அடிப்பவர் பக்கத்தில் நிற்கும் பிளேட்டுக்கு 18.44 மீட்டர். அவர் நீளமாக ஓர் எட்டு வைத்துப் பந்தை விடும்போது அது ஏறக்குறைய 16.5 மீட்டராகிவிடும். 150 கி.மீ. வேகப் பந்து அங்கே வந்து சேர 0.4 நொடி. இன்று மேஜர் லீக்கில் 150 என்பது சாதாரண ஃபாஸ்ட்பால். அரோல்டிஸ் சாப்மன் 2010-இல் போட்ட பந்து 170 கி.மீ. பேட்டைச் சுழற்றி முடிக்க 0.15 நொடி வேண்டும். கண்ணில் பட்டதை மூளை புரிந்துகொள்ள இன்னொரு 0.1. மிச்சம் 0.15 நொடி. என்ன பந்து, எங்கே வரும், அடிப்பதா விடுவதா என்பதெல்லாம் அதற்குள் முடிவாகவேண்டும். பந்து பாதி வழியைச் சற்றுத் தாண்டும்போதே நீங்கள் பேட்டை வீசத் தொடங்கியிருக்க வேண்டும்.

நெட்ஸில் ஆடும் 130-க்கும் இந்த 150-க்கும் இடைவெளி வெறும் 20 என்று தோன்றும். பவுலரின் 130 கையை விடும்போது இருக்கும் வேகம். காற்றும் தரையும் அதில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். பந்து உங்களிடம் வர அரை நொடிக்கு மேல் ஆகிவிடும். அந்த 0.1 நொடி உங்களுக்குப் பெரிய சொத்து. பாஸ்டனில் அது இருக்காது.

ஆனாலும் வேகம் இதில் சின்ன விஷயம் என்றுதான் சொல்வேன். முழுக்க வேகம்தான் சிக்கல் என்றால் 2004-இல் நடந்ததற்கு விளக்கமே இல்லை. அந்த ஆண்டு ஒரு காட்சி ஆட்டத்தில் அமெரிக்க சாஃப்ட்பால் வீராங்கனை ஜென்னி ஃபின்ச், ஆல்பர்ட் புஜோல்ஸுக்குப் பந்து போட்டார். புஜோல்ஸ் அந்தக் காலத்தில் உலகின் மிகச் சிறந்த ஹிட்டர்களில் ஒருவர். சாஃப்ட்பால் பந்து பெரியது, வேகமும் குறைவு. தூரம் 43 அடி என்பதால் பந்து வந்துசேர ஆகும் நேரம் பேஸ்பால் மாதிரியேதான். புஜோல்ஸ் ஸ்டிரைக் அவுட். இன்னொரு மேஜர் லீக் ஹிட்டரான மைக் பியாஸாவுக்கும் அதே கதி. ஃபின்ச் கீழிருந்து வீசுகிறார். அந்தக் கையை அவர்கள் வாழ்நாளில் படித்ததில்லை. தோள், முழங்கை, மணிக்கட்டு, பந்து விடுபடும் இடம் என ஆயிரக்கணக்கான தடவை பார்த்துச் சேர்த்துவைத்த அடையாளங்களை வைத்துத்தான் அவர்கள் அடிக்கிறார்கள். மின்னல் வேக அனிச்சை என்று நாம் வியப்பது பெரும்பாலும் பழைய ஞாபகம். உங்களிடமும் அப்படி ஒரு சேமிப்பு இருக்கிறது, ஆனால் அதில் இருப்பதெல்லாம் முழங்கை மடக்காத கைகள். மடக்கி எறியும் கையை உங்கள் கண் ஃபீல்டர் த்ரோ அடிக்கும்போது மட்டுமே பார்த்திருக்கிறது.

இப்போது ஃபுல் டாஸுக்கு வருவோம். கிரிக்கெட்டில் ஃபுல் டாஸ் இனிப்பது ஏன்? அநேகமாக அது பவுலரின் தவறு. பேஸ்பாலில் அதைக் கணக்குப் போட்டுப் போடுகிறார்கள். இன்னொன்று, தரையில் குத்துவது நம்மைக் குழப்புகிற அதே நேரத்தில் நமக்குத் துப்பும் கொடுக்கிறது. மைக்கேல் லாண்ட், பீட்டர் மெக்லியோட் இருவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில் பேட்ஸ்மேன்களின் கண்ணசைவை அளந்தார்கள். பந்து கையை விட்டதும் சற்று நேரம் பார்த்துவிட்டு, அது குத்தப்போகும் இடத்துக்குக் கண் முன்கூட்டியே தாவி அங்கே காத்திருக்கிறது. எங்கே, எப்போது குத்தியது என்பதை வைத்து மிச்சக் கணக்கு முடிகிறது. பேஸ்பாலில் அந்த இரண்டாவது தகவல் வராது. கடைசி வரை பந்தைப் பார் என்று கோச்சுகள் கத்துவதும் வீண். 1984-இல் ஆய்வாளர்கள் டெர்ரி பாஹில், டாம் லாரிட்ஸ் சோதித்தவர்களில் கெட்டிக்காரரான தொழில்முறை வீரருக்கே கடைசி ஐந்தரை அடியில் பந்து கண்ணை விட்டு நழுவிவிட்டது.

அந்தக் காற்றுவழியில் பந்து சும்மாவும் வராது. 108 தையல் போட்ட பந்து, நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு மேல் பின்சுழற்சி. சுழலாத பந்து விழும் அளவைவிட ஃபாஸ்ட்பால் ஓர் அடிக்கு மேல் குறைவாகவே விழுகிறது. பந்து மேலே எழும்பிவிட்டது என்று சத்தியம் செய்வீர்கள். எழும்பவில்லை, உங்கள் மூளை போட்ட கணக்கைவிடக் குறைவாக விழுந்தது, அவ்வளவே. பேட் அடியில் போய்விடும். கர்வ்பால் நேர் எதிர்: முன்சுழற்சியால் கூடுதலாகக் குப்புற விழும். கொடுமை என்றால் சேஞ்சப். அதே கை, அதே வேகத்தில் வருகிறது, பந்து மட்டும் 135-இல். வந்துசேர்வதில் தாமதம் 0.04 நொடிக்குக் கொஞ்சம் மேல். பேட்டைச் சுழற்றுவதில் 0.01 நொடி பிசகினாலே பந்து கோட்டுக்கு வெளியே போகும். நம்ம ஊரில் ஸ்லோ பால் போட்டால் கடைசியில் கையை இழுத்துக்கொண்டு ஒரு ரன்னுக்குத் தட்டிவிடலாம். இங்கே சுழன்றுவிட்ட பேட் நிற்காது.

பேட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். கிரிக்கெட் பேட்டின் அகலம் 4.25 அங்குலம் வரை, முகம் தட்டை. பேஸ்பால் பேட் மிகத் தடித்த இடத்தில் 2.61 அங்குலம், அதுவும் உருண்டை. சப்பாத்திக் கட்டையை நீட்டிப் பிடித்தது போல. உருண்டையை உருண்டையால் அடிக்கும்போது அரை அங்குலம் மேலே பட்டால் பந்து தரையோடு உருளும், கீழே பட்டால் செங்குத்தாக ஏறிக் கேட்ச் ஆகும். ஃபைன் லெக், தேர்ட் மேன் எல்லாம் இல்லை. முன்னால் 90 டிகிரிக்குள் போனால்தான் பந்து கணக்கில் சேரும். ஸ்டம்பைக் காப்பாற்ற மட்டை வைத்து நிற்கும் வசதியும் கிடையாது.

எங்கள் மைதானத்துக்கு வந்த ஒரு பையன், இடது கை ஆட்டக்காரன், பக்கத்து நெட்டில் எல்லாரையும் வெளுத்து வாங்குகிறவன். நான் எறிந்த சுமாரான வேகத்துக்கே முன்காலை நீட்டி, தலையைப் பந்துக்கு மேல் கொண்டுவந்து, அழகான கவர் டிரைவ் நிலையில் நின்றான். பேட் மட்டும் கிடையாக வந்தது. பந்து கைப்பிடிக்கு நான்கு விரல் மேலே பட்டு, இரண்டு உள்ளங்கையும் விண்ணென்று அதிர, பேட்டைக் கீழே போட்டுவிட்டுக் கையை உதறினான். முன்காலில் எடையைக் கொட்டிவிட்டால் இடுப்பைத் திருப்ப இடமே இல்லாமல் போகிறது. கிரிக்கெட்காரர்கள் எல்லாருக்கும் முதலில் வருகிற வியாதி இதுதான்.

இனி பயிற்சி. பவுலிங் மெஷினை விட்டுவிடுங்கள். மெஷினுக்குத் தோளும் மணிக்கட்டும் கிடையாது, உங்களுக்குப் படிக்க வேண்டியதே அவைதான். கையால் எறிய ஒரு நண்பரைப் பிடியுங்கள். தூரத்தைச் சுருக்கினால் நேரம் தானாகச் சுருங்கும்: 11 மீட்டரிலிருந்து 90 கி.மீ. வேகத்தில் எறிந்தால் உங்களுக்குக் கிடைப்பது 0.44 நொடி. இந்திய அணிக்கு த்ரோடவுன் போடும் நம்ம கர்நாடகத்துக்காரர் ராகவேந்திரா கையில் இருக்குமே, பந்தைச் செருகி எறியும் அந்த சைட் ஆர்ம் குச்சி வேண்டாம். அது கையின் அசைவை மாற்றிவிடும். டென்னிஸ் பந்து போதும். எறிகிறவர் முன்னால் ஒரு வலைச் சட்டம் வையுங்கள், நீங்கள் ஹெல்மெட் போடுங்கள்.

முதல் வாரம் பேட்டை வீசவே வேண்டாம். நண்பர் ஒரே கை அசைவில் வேகமும் மெதுவுமாக மாற்றி மாற்றி எறியட்டும். பந்து கையை விட்ட கணமே நீங்கள் “வேகம்”, “மெது” என்று சத்தமாகச் சொல்லவேண்டும். பின்னால் கீப்பர் சரியா தப்பா என்று சொல்லட்டும். அலுப்பாக இருக்கும். எனக்குத் தெரிந்து இதைவிடப் பலன் தருகிற பயிற்சி வேறில்லை. மாலையில் தனியாக இருந்தால் இடுப்பு உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பைப்பை நிறுத்தி, மேலே பந்தை வைத்து அடியுங்கள். பைப் உங்கள் முன்காலுக்குச் சற்று முன்னால் இருக்கட்டும். கண்ணுக்குக் கீழே தாமதமாக ஆடு என்று கிரிக்கெட்டில் படித்ததை இங்கே கழற்றி வைக்கவேண்டும். கைகளின் வரிசை மாறாது, வலது கைக்காரருக்கு இடது கை முனையில், வலது கை அதற்கு மேலே. எடை பின்காலில், இடுப்பு முதலில் திரும்பட்டும், கை பின்தொடரட்டும். உங்கள் புல் ஷாட் நன்றாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. பேட் வாங்குவதானால் 33 அங்குலம், 900 கிராமுக்கு மேல் வேண்டாம். நம்ம ஊரில் கார் சீட்டுக்கு அடியில் வைப்பதற்கென்றே ஒரு ரகம் விற்கிறது, அது ஆடுவதற்கு உதவாது.

பாஸ்டனில் பேட்டிங் கேஜ் போனால் மெஷின் வேகம் மைல் கணக்கில் இருக்கும். 50 என்றால் 80 கி.மீ. அங்கிருந்து தொடங்குங்கள், முதல் நாளே 70-க்குப் போகாதீர்கள். குளிரில் பேட்டின் நடுவில் படாத பந்து கையில் இரட்டிப்பாக வலிக்கும், மெல்லிய பேட்டிங் கையுறை போடுங்கள். உண்மையான பிட்ச்சர் எதிரே நின்றால் எல்லாவற்றையும் அடிக்கப் பார்க்காதீர்கள். இடுப்புயர ஃபாஸ்ட்பால் ஒன்றை மட்டும் மனதில் வைத்து, அதற்கான நேரத்தில் வீசுங்கள். வேறு எது வந்தாலும் போகட்டும்.

ஒருவேளை பட்டு, கோட்டுக்குள் போய்விட்டால் பேட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடுங்கள். கிரிக்கெட் பழக்கத்தில் பேட்டோடு ஓடி, முதல் பேஸில் கிரீஸைத் தேடிக் கோடு கிழிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.