மைக்கில் பெயர் ஒலித்தால் நகை அடகுக்குப் போகிறது

கேள்வி: எனக்கு 58 வயது. 1991-இல் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயில் சேர்ந்தேன். பல வருடம் ஹாக்கி அணியில் சென்டர் ஹாஃப் ஆடினேன். ஓய்வுக்கு இன்னும் 22 மாதம் இருக்கிறது. ஊர் கோவில்பட்டி. அடிப்படைச் சம்பளம் 62,200 ரூபாய். பி.எஃப். கணக்கில் 14 லட்சம் இருக்கிறது. மனைவியின் 18 பவுன் நகை அடகில் உள்ளது (6.5 லட்சம், வட்டி சுமார் 10 சதவீதம்). மகள் திருமணத்துக்கு வாங்கிய கூட்டுறவுச் சங்கக் கடன் 4 லட்சம். வெளியில் இரண்டு ரூபாய் வட்டிக்கு 1.5 லட்சம். மைத்துனர் செயற்கைப் புல் மைதானம் தொடங்குகிறார். 35 லட்சம் திட்டத்தில் என் பங்காக 15 லட்சம் கேட்கிறார். ஓய்வூதியத்தைக் கம்யூட்டேஷன் செய்தால், அதாவது அதில் ஒரு பகுதியை முன்கூட்டி மொத்தமாக வாங்கிக்கொண்டால், கொடுத்துவிடலாம் என்கிறார். கொடுக்கலாமா? இரவில் தூக்கம் வரவில்லை.

பெயர் வெளியிட வேண்டாம் என்ற வாசகர், கோவில்பட்டி

பதில்: அண்ணாச்சி, நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றரைப் பக்கம் மைத்துனரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நகையைப் பற்றி அரைப் பக்கம். நான் அந்த அரைப் பக்கத்தைத்தான் மூன்று முறை படித்தேன். மைத்துனர் விஷயம் பெரியதுதான், ஆனால் இன்னும் நடக்காதது. நகை விஷயம் ஐந்து வருடமாக நடந்துகொண்டிருக்கிறது.

கடிதத்தோடு நீங்கள் இணைத்திருந்த நோட்டுப் பக்கத்துக்கு முதலில் நன்றி. கணக்கை மறைக்காமல் அனுப்புகிறவர்கள் குறைவு. போன வருடக் கணக்கு இப்படி இருக்கிறது: கோடைப் போட்டிக்கு வந்த இரண்டு அணிகளுக்குச் சாப்பாடும் தங்குமிடமும் 40,000. ஒரு பையனுக்குக் கோல்கீப்பர் பேடு, ஹெல்மெட் முதலான முழுத் தொகுப்பு 45,000. பையன்களுக்கு ஸ்டிக்கும் ஷூவும் 60,000. வெட்டரன்ஸ் அணியின் வெளியூர்ப் பயணம் 35,000. பழைய சகஆட்டக்காரருக்கு ஜாமீன் போட்டு, அவர் கட்டாததால் நீங்கள் கட்டிய தவணை 30,000. மொத்தம் 2.1 லட்சம். வீட்டுச் செலவும் சங்கத் தவணையும் போக இதற்கென்று உங்கள் சம்பளத்தில் மிஞ்சுவது வருடத்துக்கு 60,000 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆக வருடத்துக்கு ஒன்றரை லட்சம் துண்டு விழுகிறது. ஐந்து வருடத்துக்கு ஏழரை லட்சம். அடகுக் கடனும் வெளிக் கடனும் சேர்ந்து 8 லட்சம். கணக்கு கிட்டத்தட்ட நேராக வந்து நிற்கிறது. சம்பளம் போதாமல் வந்த கடன் இல்லை இது. மைதானத்தில் வந்த கடன்.

எப்படி வந்தது என்பதையும் நீங்களே ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள்: "மைக்கில் என் பெயரைச் சொல்லிவிட்டால் மறுக்க முடிவதில்லை." அந்தக் காட்சி எனக்குத் தெரியும். நானும் தெற்கத்திக்காரன்தான். பரிசளிப்பு மேடை, பிளாஸ்டிக் நாற்காலி, தோளில் சால்வை. அறிவிப்பாளர் உங்கள் பக்கம் பார்த்துக்கொண்டே, "நம் ஊரின் மூத்த வீரர், அண்ணன் அவர்கள் இந்த வருடமும் இரண்டு அணிகளின் உணவுச் செலவை ஏற்றுக்கொள்வதாக..." என்று ஆரம்பிக்கிறார். உங்களிடம் முன்கூட்டிக் கேட்கவில்லை. கூட்டம் கைதட்டிவிடுகிறது. நீங்கள் எழுந்து கும்பிடுகிறீர்கள். திங்கட்கிழமை காலையில் மனைவியின் வளையல் வங்கிக்குப் போகிறது.

கெடுக்கும் பழக்கம் இதுதான்: முதலில் ஒப்புக்கொள்வது, பிறகு பணம் தேடுவது. ஊதாரித்தனம் என்று நான் சொல்லமாட்டேன். உங்களுக்குக் குடியில்லை, சீட்டில்லை. ஆனால் வட்டி போடுகிறவனுக்கு நோக்கம் எதுவானால் என்ன?

உங்கள் ஊரில் இது கஷ்டம் என்பதும் புரிகிறது. வேறு ஊரில் ஒரு பழைய ஹாக்கி வீரர் தெருவில் நடந்தால் யாருக்கும் தெரியாது. கோவில்பட்டியில் டீக்கடையில் உட்கார்ந்தால் நான்கு பேர் வந்து நேற்றைய பெனால்டி கார்னரைப் பற்றிப் பேசுவார்கள். மே மாதம் லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பை நடக்கும்போது, சாயங்காலம் ஊரில் பாதிப் பேரைக் கிருஷ்ணா நகர் மைதானத்தில்தான் பார்க்கலாம். கரிசல் தரையில் மரக் கட்டையோடு ஓடிய தலைமுறை உங்களுடையது. இன்றைய பையன்கள் செயற்கைப் புல்லில் ஆடுகிறார்கள். அந்தத் தரை ஷூவைத் தின்கிறது, ஸ்டிக்கும் நல்லதாக வேண்டும். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் புல்தரை போய்ச் செயற்கைத் தரை வந்ததிலிருந்தே இந்த ஆட்டம் ஏழைப் பையன்களுக்குச் செலவு பிடிக்கிற ஆட்டமாகிவிட்டது. ஊரில் பிறந்த மாரீஸ்வரன் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடி வெண்கலத்தோடு வந்த பிறகு, தெருவுக்குத் தெரு பையன்கள் மட்டையைத் தூக்கிவிட்டார்கள். உங்கள் நோட்டிலும் அந்த வருடத்திலிருந்துதான் தொகைகள் ஐந்து இலக்கமாகின்றன. காரணம் நல்லதுதான். ஆனால் அத்தனை பையன்களுக்கும் ஷூ வாங்கித் தருவது ஒரு ரயில்வே ஊழியரின் வேலையா? சென்டர் ஹாஃப் வருகிற பந்தையெல்லாம் தானே கோல் வரை கொண்டுபோவதில்லை. பிரித்துக் கொடுத்துவிட்டு நடுவில் நிற்பவர்தான் சென்டர் ஹாஃப். உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை.

இனி நகை. வருடா வருடம் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்து வந்தீர்கள். போன முறை வங்கி, முழுத் தொகையையும் கட்டி மீட்டால்தான் மறுபடி வைக்க முடியும் என்றது. ஒரே நாளுக்கு என்று வெளியில் பணம் புரட்டினீர்கள். மறுநாள் கடன் பணம் கைக்கு வந்ததும் 1.5 லட்சத்தை மட்டும் திருப்பித் தராமல் போட்டிச் செலவுக்கு வைத்துக்கொண்டீர்கள். இரண்டு ரூபாய் வட்டி என்று சொல்லும்போது சின்னதாகத்தான் கேட்கும். வருடத்துக்கு 24 சதவீதம். மாதம் 3,000 ரூபாய் எடுத்துக் கொடுக்கிறீர்கள். அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை.

இதற்கு வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. ஓய்வுக்கு இரண்டு வருடத்துக்குள் இருப்பவர்கள் காரணம் சொல்லாமலே பி.எஃப். இருப்பில் 90 சதவீதம் வரை எடுக்கலாம். உங்களுக்கு 22 மாதம்தான் பாக்கி. அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்து 8 லட்சம் எடுங்கள். பணம் வந்த அன்றே வெளிக் கடன் 1.5 லட்சத்தை முடித்து, எழுதிக் கொடுத்த பத்திரத்தைக் கையில் வாங்குங்கள். மீதியில் நகையை மீட்டு விடுங்கள். இப்போது இந்த இரண்டுக்கும் வருடத்துக்கு ஏறக்குறைய 1 லட்சம் வட்டி கட்டுகிறீர்கள் (65,000 + 36,000). பி.எஃப்.பில் 7.1 சதவீதம் என்று வைத்தால் 8 லட்சத்துக்கு நீங்கள் இழப்பது ஏறக்குறைய 57,000. வருடத்துக்கு 44,000 மிச்சம். சங்கக் கடனைத் தொடவேண்டாம். அது சம்பளத்தில் தானாகப் பிடித்தமாகி ஓய்வுக்குள் பெரும்பகுதி கரைந்துவிடும்.

ஆனால் இந்த யோசனையைச் சொல்ல எனக்கு உள்ளூரப் பயம் இருக்கிறது. மீட்ட நகை மறுபடி அடகு வைக்கத் தகுதியான நகை. அடுத்த பரிசளிப்பு விழாவில் அறிவிப்பாளர் உங்கள் பக்கம் திரும்பினால், நகையும் போய், பி.எஃப்.பும் போயிருக்கும். எனவே ஒரு நிபந்தனை: நகை வீட்டுக்கு வர வேண்டாம். வங்கியிலிருந்து நேராக லாக்கருக்குப் போகட்டும். லாக்கர் உங்கள் மனைவியின் பெயரில் மட்டும் இருக்கட்டும். சேர்ந்து கையெழுத்துப் போடுகிற ஏற்பாடு கூட வேண்டாம். இதற்கு நீங்கள் சம்மதிக்கவில்லை என்றால் பி.எஃப்.பைத் தொடாதீர்கள், இப்போதிருப்பதே மேல்.

மைதானத்துக்கு மாதம் 5,000 ரூபாய். அதாவது வருடத்துக்கு உங்களுக்கு மிஞ்சுகிற அதே 60,000. அதற்குத் தனி வங்கிக் கணக்கு. அதில் இருந்தால் கொடுங்கள், தீர்ந்தால் அடுத்த மாதம். சாப்பாட்டுச் செலவையும் ஷீல்டையும் விட்டுவிட்டு, பையன்களின் ஷூவுக்கும் ஸ்டிக்குக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஜாமீன் கையெழுத்து இனி யாருக்கும் இல்லை, கூட ஆடியவர் என்றாலும். மேடையில் பெயரைச் சொல்வார்களே என்கிறீர்களா? போட்டிக்கு ஒரு மாதம் முன்பே செயலாளரைப் பார்த்து, "பணம் கேட்டு என் பெயரை மைக்கில் சொல்லாதீர்கள், நடுவராக நிற்கிறேன், காலையில் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். தனியாக உட்கார்ந்து சொல்லும்போது வருகிற தைரியம் கூட்டத்தின் நடுவில் வராது.

மைத்துனருக்கு வருகிறேன். தெருமுனையில் வலை கட்டி, விளக்குப் போட்டு, மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிற இந்த 'டர்ஃப்' இப்போது ஊருக்கு ஊர் முளைக்கிறது. எல்லோரும் ஒரே தொழிலில் இறங்கும்போது எனக்கு எப்போதுமே கை பின்னால் போகும். அவர் தாளில் எழுதியிருப்பது: மணிக்கு 800 ரூபாய், நாளுக்கு 10 மணி நேரம், மாதம் 2.4 லட்சம். காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை கோவில்பட்டி வெயிலில் யார் காசு கொடுத்து ஆடப்போகிறார்கள்? நாலு மணி நேரம் என்று வைப்போம். 96,000. இட வாடகை 25,000, மின்சாரம் 15,000, காவலுக்கு ஆள் 12,000 போனால் 44,000. வெயிலில் கிடக்கிற செயற்கைப் புல் சில வருடத்தில் நைந்துவிடும். புதிதாக விரிக்க மாதம் 20,000 எடுத்து வைக்கவில்லை என்றால் அது லாபக் கணக்கே இல்லை. மிச்சம் 24,000. உங்கள் பங்கு ஏழில் மூன்று: சுமார் 10,000 ரூபாய்.

கொடுப்பது என்ன? ஓய்வின்போது அடிப்படைச் சம்பளம் 66,000 ஆகியிருக்கும் என்றால் ஓய்வூதியம் 33,000, அகவிலைப்படி தனி. அதில் 40 சதவீதம் கம்யூட் செய்தால் கிடைப்பது ஏறக்குறைய 13 லட்சம். அதற்காக மாதம் 13,200 ரூபாய் 15 வருடத்துக்குக் குறையும். கூட்டிப் பார்த்தால் 23 லட்சத்து 76 ஆயிரம். 9 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கி மைத்துனரிடம் கொடுப்பதும் இதுவும் ஒன்றுதான். நிச்சயமான 13,200-ஐ விட்டு, நடந்தால் வரும் 10,000-க்கு ஆசைப்படுகிறீர்கள். 13 லட்சம் அவருக்குப் போதவும் போதாது. மீதி இரண்டு லட்சத்தை உங்கள் பணிக்கொடையிலிருந்து (கிராஜுவிட்டி) கேட்பார். எட்டாவது ஊதியக் குழு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதியிருந்தீர்கள். வரட்டும். வராத பணத்துக்கு இப்போதே செலவு எழுதவேண்டாம்.

2004 ஜனவரி முதல் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு இந்தப் பழைய ஓய்வூதியம் கிடையாது. உங்கள் அணியிலேயே பின்னால் வந்த பையன்களைக் கேட்டுப் பாருங்கள். கம்யூட்டேஷனே வேண்டாம் என்பது என் கருத்து. பணிக்கொடை வந்ததும் அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டுவிடுங்கள். இதை எழுதும்போது 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும். அதற்கு மேல் யாராவது வீடு தேடி வந்து சந்தையோடு இணைந்த ஏதோ ஒன்றை விளக்கினால் காபி கொடுத்து அனுப்புங்கள்.

"ஹாக்கிக்காகத்தானே கேட்கிறார், ஊருக்கும் நல்லதுதானே" என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதுதான் மைத்துனரின் கெட்டிக்காரத்தனம். அவர் போடப்போவது உயரமான புல்லில் ரப்பர் தூள் தூவிய தரை. கால்பந்துக்கும் கிரிக்கெட்டுக்கும் சரி. அதில் ஹாக்கிப் பந்தைத் தட்டிவிட்டுப் பாருங்கள், பத்தடி போய் நின்றுவிடும். ஹாக்கித் தரை புல் குட்டையாக, அடர்த்தியாக இருக்க வேண்டும். பெரிய போட்டிகளுக்கான தரை என்றால் ஆட்டத்துக்கு முன் தண்ணீரும் பாய்ச்ச வேண்டும். உங்கள் ஊரில் அவ்வளவு தண்ணீருக்கு அவர் எங்கே போவார்? அந்தத் திட்டத்தில் ஹாக்கி இருப்பது உங்கள் பெயரில் மட்டும்தான். பலகையில் உங்கள் படத்தைப் போட்டால் கூட்டம் வரும் என்பதும் அவருக்குத் தெரியும். "பணம் தர வழியில்லை, திறப்பு விழாவுக்கு வருகிறேன்" என்று சொல்லுங்கள். மனைவி முன்னால் வைத்தே சொல்லுங்கள்; தம்பிக்காக அவர் வருத்தப்படுவார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். 18 பவுனைப் பற்றி அவரிடம் ஒருமுறையாவது கேட்டீர்களா என்பது கடிதத்தில் இல்லை.

கடைசியாக, வரும் கோடைப் போட்டிக்கு இரண்டு அணிகளை ஏற்கனவே ஏற்றுக்கொண்டுவிட்டேன், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். ஒரு அணி மட்டும். சாப்பாடு மட்டும், தங்குமிடத்தை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். 15,000-க்கு மேல் போகக்கூடாது. மற்ற அணிக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லி இந்த வாரமே செயலாளரிடம் சொல்லிவிடுங்கள். இப்போது சொன்னால் அவர்களுக்குத் தேட நேரம் இருக்கும்.