எர்திகாவா, அல்சாவா? கார் நிறுவனக் கூட்டணிகளைப் பார்த்து முடிவெடுப்பது எப்படி

மலேசியாவின் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "மாமியார், மூன்று பிள்ளைகள் என வீட்டில் நாங்கள் ஆறு பேர். ஜூரு ஆட்டோ சிட்டி பக்கம் 2017-ஆம் ஆண்டு புரோட்டோன் எர்திகா ஒன்றும், அதே ஆண்டின் பெரோடுவா அல்சா ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறோம். எர்திகா விலை குறைவு. உள்ளேயும் சுத்தமாக இருக்கிறது. ஆனால் என் அண்ணன், 'அது புரோட்டோனே இல்லை, சுசுகி. அந்த உறவு முடிந்துவிட்டது, பாகம் கிடைக்காது. பேசாமல் புரோட்டோனின் புது எக்ஸ்50 எடு, பின்னால் சீனாவின் ஜீலி இருக்கிறது' என்கிறார். புரோட்டோனை விட்டு மிட்சுபிஷி போனதைப் போல ஜீலியும் நாளைக்குப் போய்விட்டால் என்ன செய்வது?"

முதலில் எக்ஸ்50-ஐ ஒதுக்கிவிடுவோம். அதில் ஐந்து இருக்கைகள்தான். ஒரு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பினாங்குப் பாலத்தைக் கடக்கும் யோசனைக்கு நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். மீதமுள்ள இரண்டில் என் தேர்வு அல்சா. எர்திகா நல்ல கார். அதை ஓட்டுபவர்கள் பெரும்பாலும் நிறைவாகவே இருக்கிறார்கள். ஆனாலும் அல்சாவைச் சொல்வதற்குக் காரணம், அந்த இரண்டு கார்களுக்கும் பின்னால் இருக்கும் உறவுகள் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. உங்கள் அண்ணன் கேட்ட கேள்வி சரியானதுதான். ஆனால் 'யார் முதலாளி' என்பதோடு அவர் நிறுத்திவிட்டார். பாகம் வாங்கப் போகும் உங்களுக்கு, இந்த மாதிரியை எந்த ஒப்பந்தத்தின் பேரில், எங்கே, எவ்வளவு எண்ணிக்கையில் செய்தார்கள் என்பதே முக்கியம்.

எர்திகாவின் கதையைப் பாருங்கள். 2015-இல் புரோட்டோனும் சுசுகியும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி இந்தோனேசியாவில் இருந்து வந்த பாகத் தொகுதிகளைத் தஞ்சோங் மாலிமில் உள்ள புரோட்டோன் ஆலையில் பூட்டி, 2016 நவம்பரில் புரோட்டோன் எர்திகா என்ற பெயரில் விற்பனைக்கு விட்டார்கள். சுசுகி புரோட்டோனின் பங்குகளை வாங்கவில்லை. புரோட்டோன் தனக்கு இல்லாத குடும்பக் காரை இரவல் வாங்கியது, அவ்வளவுதான். அடுத்த ஆண்டே ஜீலி உள்ளே வந்தது. 2019-இல் எர்திகா விற்பனை நின்றது. புரோட்டோன் பெயர்ப்பலகை மாட்டிய வாடகை வீடு என்று இதைச் சொல்லலாம்: வீடு உறுதியானதுதான், ஆனால் அதைக் கட்டியவர் வேறு.

இது புரோட்டோனுக்குப் புதிதும் அல்ல. 1996-இல் வந்த தியாரா, சிட்ரோயன் ஏஎக்ஸ். 2010-இல் வந்த இன்ஸ்பிரா, மிட்சுபிஷி லான்சர். 2016-இல் வந்த பெர்டானா, பழைய தலைமுறை ஹோண்டா அக்கார்டின் அடிப்படையில் செய்தது. இந்த மாதிரிகளில் எதையாவது இன்றும் வைத்திருப்பவர்களைக் கேட்டால், புரோட்டோன் சாகா, வீரா வைத்திருப்பவர்களுக்குக் கிடைக்கும் சுலபம் தங்களுக்கு இல்லை என்றே சொல்வார்கள்.

அதற்காக எர்திகாவுக்குப் பாகமே கிடைக்காது என்பது மிகை. அதில் இருக்கும் 1.4 லிட்டர் கே14பி இயந்திரம், ஆசியச் சந்தைகள் பலவற்றில் விற்ற சுசுகி ஸ்விஃப்ட்டிலும் இருந்தது. முதல் தலைமுறை எர்திகா இந்தியாவில் 2012 முதல் பல ஆண்டுகள் ஓடிய கார், இந்தோனேசியாவிலும் அப்படியே. வடிகட்டி, பிரேக் பட்டை, பெல்ட், சஸ்பென்ஷன் போன்ற தேயும் பாகங்களைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. கவலை வேறு இடத்தில்: முன்விளக்கு, கதவு, பம்பர், கண்ணாடி. இவை மோதினால்தான் தேவைப்படும்; தேவைப்படும்போது உடனே வேண்டும். இந்த நாட்டில் குறைவாக விற்ற மாதிரிக்கு இவற்றைக் கிடங்கில் அடுக்கி வைத்திருப்பவர் குறைவு. வரவழைத்துக் காத்திருக்கும் நாள்களில் பிள்ளைகளைப் பள்ளிக்கு எதில் அனுப்புவீர்கள் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அல்சாவின் பின்னணி வேறு. பெரோடுவா 1993-இல் தொடங்கிய நாள் முதலே ஜப்பானின் டைஹாட்சு அதன் பங்குதாரர். முதல் கஞ்சில் காரே டைஹாட்சு மீராவை ஒட்டிச் செய்ததுதான். இன்று தாய் நிறுவனத்தில் மலேசியாவின் யூஎம்டபிள்யூ குழுமத்திடம் 38 விழுக்காடும் டைஹாட்சுவிடம் நேரடியாக 20 விழுக்காடும் இருக்கின்றன. ஆனால் கார்களைத் தயாரிக்கும் பிரிவில் 2001 முதல் டைஹாட்சு, மிட்சுயி ஆகிய ஜப்பானியத் தரப்புகளுக்குச் சேர்த்து 51 விழுக்காடு. விற்பனை மலேசியர்கள் பொறுப்பிலும் தயாரிப்பு ஜப்பானியர்கள் கண்காணிப்பிலும் இருக்கும் இந்தப் பிரிப்பை நான் மிகவும் மதிக்கிறேன். டைஹாட்சுவை டொயோட்டா 2016-இல் முழுமையாக வாங்கிவிட்டது. ஆகவே 'பெரோடுவா என்றால் டொயோட்டா' என்ற பேச்சில் பாதி உண்மை உண்டு: டொயோட்டா அதற்குப் பாட்டன் முறை, ஆனால் வீட்டுப் பத்திரம் டொயோட்டாவின் பெயரில் இல்லை. யூஎம்டபிள்யூவையே 2023 இறுதியில் சைம் டார்பி என்ற இன்னொரு மலேசியக் குழுமம் வாங்கியது.

நீங்கள் பார்த்த 2017 அல்சா முதல் தலைமுறையைச் சேர்ந்தது. அதன் மூலம் ஜப்பானில் டொயோட்டா பாசோ செட்டே, டைஹாட்சு பூன் லுமினாஸ் என்ற பெயர்களில் 2008-இல் வந்தது. அங்கே அது எடுபடவில்லை, 2012-இல் நிறுத்திவிட்டார்கள். இங்கோ அல்சா 2009 முதல் 2022 வரை ஓடியது. மூல மாதிரி மறைந்து பத்தாண்டுகள் கழித்தும் இங்கே உற்பத்தி நடந்தது என்றால், பாகங்களைச் செய்யும் உள்ளூர் ஆலைகள் அத்தனை காலமும் இயங்கின என்று பொருள். அதன் 1.5 லிட்டர் இயந்திரம் அந்தக் காலத்துப் பெரோடுவா மைவி 1.5-லும் இருந்தது. மைவியைத் தொடாத பணிமனை பினாங்கிலும் செபராங் பிறையிலும் இல்லை. விளக்கு, கதவு வேண்டுமானாலும், பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடைகளில் தேடினால் அன்றைக்கே கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

உறவு நெருக்கமாக இருப்பதால் வரும் தொல்லையையும் மறைக்கக் கூடாது. 2023 டிசம்பரில் டைஹாட்சுவின் பாதுகாப்புச் சோதனை முறைகேடுகள் முழு அளவில் வெளிவந்தபோது, 64 மாதிரிகள் பட்டியலில் இருந்தன. அந்த நிறுவனம் தன் வாகனங்களை அனுப்புவதையே சில காலம் நிறுத்தியது. பெரோடுவாவின் பெயரும் அந்தப் பேச்சில் இழுபட்டது. ஒரே அடித்தளத்தைப் பலர் பகிர்ந்துகொண்டால், நன்மை போலவே குறையும் எல்லோருக்கும் பரவும்.

இனி ஜீலி. 2017-இல் ஜீலி புரோட்டோனின் 49.9 விழுக்காட்டை வாங்கியது, 50.1 விழுக்காடு மலேசிய நிறுவனமான டிஆர்பி-ஹைகோமிடமே இருக்கிறது. புரோட்டோன் வைத்திருந்த பிரிட்டிஷ் கார் நிறுவனமான லோட்டஸின் 51 விழுக்காடும் அப்போதே ஜீலியிடம் போனது. 'சீன நாட்டு நிறுவனம் புரோட்டோனை வாங்கிவிட்டது' என்று கடைத்தெருவில் சொல்வது பங்குக் கணக்கின்படி தவறு; தொழில்நுட்பக் கணக்கின்படி சரிக்கு அருகில். எக்ஸ்70, ஜீலி போயுவே. எக்ஸ்50, ஜீலி பின்யுவே. முதலில் வந்த எக்ஸ்50-இன் மூன்று சிலிண்டர் டர்போ இயந்திரம், ஜீலியும் அதற்கு 2010 முதல் சொந்தமான வோல்வோ கார்ஸும் சேர்ந்து உருவாக்கியது. 2018 டிசம்பரில் எக்ஸ்70 சீனாவிலிருந்து முழுக் காராக இறங்கியது. 2019 இறுதியில் தஞ்சோங் மாலிமில் அதன் உற்பத்தி தொடங்கியது. இந்த மாதிரிகளை மலேசியாவிலும் அண்டை நாடுகள் சிலவற்றிலும் செய்து விற்கும் உரிமமும் புரோட்டோனுக்குக் கிடைத்திருக்கிறது. எர்திகாவுக்கு இருந்த உறவோடு இதை ஒப்பிடவே முடியாது.

மிட்சுபிஷியும் பங்கு வைத்திருந்ததே என்று நீங்கள் கேட்பது நியாயம். 1983-இல் புரோட்டோன் தொடங்கியபோது மிட்சுபிஷியின் இரு நிறுவனங்களுக்கும் சேர்த்து 30 விழுக்காடு இருந்தது. பணநெருக்கடியில் சிக்கிய மிட்சுபிஷி மோட்டார்ஸ் 2004-இல் கையிலிருந்த பங்குகளை மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனமான கசானாவிடம் விற்று வெளியேறியது. அதனால் சாகா, வீரா வைத்திருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்களா? இல்லை. இலட்சக்கணக்கில் ஓடிய கார்களுக்குப் பாகம் செய்வது உள்ளூர் ஆலைகளுக்குத் தனித் தொழிலாகவே ஆகியிருந்தது. உண்மையில் அடிபட்டது புரோட்டோன்தான். அடுத்த காரை யாரிடமிருந்து கற்றுச் செய்வது என்று தெரியாமல், ஃபோக்ஸ்வாகனோடு பேசி 2007-இல் அதுவும் முறிந்து, பல ஆண்டுகளை இழந்தது. கூட்டாளி விலகும்போது முதல் அடி நிறுவனத்தின் எதிர்காலத்துக்கு விழுகிறது. உங்கள் வாசலில் நிற்கும் காருக்கு அது மெதுவாகவே வந்து சேர்கிறது, அதுவும் கார் அரிதானதாக இருந்தால்தான். எக்ஸ்50 அரிதான கார் அல்ல. ஆனாலும் இன்றைய கார்களில் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் மென்பொருளும் நிறைய. இவற்றை உள்ளூர் ஆலை தானாகச் செய்துவிட முடியாது. ஜீலி விலகினால் எனக்குக் கவலை தரும் பகுதி அதுவே.

பங்கு இருப்பதாலேயே உறவு நிலைக்கும் என்றும் எண்ண வேண்டாம். ஃபோக்ஸ்வாகன் சுசுகியின் 19.9 விழுக்காட்டை வாங்கிய உறவு நடுவர் மன்றம் வரை போய், 2015-இல் சுசுகி தன் பங்குகளைத் திரும்ப வாங்கிக்கொண்டது. ஹோண்டாவும் நிசானும் 2024 டிசம்பரில் இணைப்புப் பேச்சைத் தொடங்கி, 2025 பிப்ரவரியிலேயே கைவிட்டன.

வெளிநாட்டுப் பிராண்டு எதையாவது பின்னாளில் வாங்க நினைத்தால், இன்னோர் அடுக்கையும் பாருங்கள். உங்களுக்கு உத்தரவாதம் தருவது பெரும்பாலும் உள்ளூர் விநியோகஸ்தர்தான். கியாவின் மிகப் பெரிய பங்குதாரர் நெடுங்காலமாக ஹூண்டாய், அதில் மாற்றமில்லை. ஆனால் மலேசியாவில் கியாவின் விநியோகம் 2021-இல் நாசா குழுமத்திடமிருந்து பெர்மாஸ் குழுமத்துக்கு மாறியது. மேலே முதலாளி மாறாமலே கீழே சேவை நிலையமும் பாகக் கிடங்கும் கைமாற முடியும் என்பதற்கு இது கண்ணெதிரே உள்ள சான்று.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எர்திகாவின் விலைதான் உங்களை இழுக்கிறது என்பது புரிகிறது. அதை முழுதாகத் தள்ளுவதற்கு முன், அந்தக் காரின் சேசிஸ் எண்ணை எழுதிக்கொண்டு புரோட்டோன் சேவை நிலையத்தில் மூன்று பாகங்களின் விலையையும் வந்து சேரும் காலத்தையும் கேளுங்கள்: இடப்பக்க முன்விளக்கு, முன் பம்பர், பின்கதவுக் கண்ணாடி. அல்சாவுக்கும் அதே மூன்றையும் பெரோடுவாவில் கேளுங்கள். எர்திகா மலேசியாவில் ஆறு பேருக்கான வாகனமாகவே விற்கப்பட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்; ஊரிலிருந்து ஒரு விருந்தாளி வந்தால் இடமிருக்காது. அல்சாவில் ஏழு பேர் உட்காரலாம். பெயர் மாற்றத்துக்கான சோதனை முக்கியமாகச் சேசிஸ், இயந்திர எண்களைச் சரிபார்ப்பதற்கானது. இயந்திரத்தின் உடல்நிலையை அது சொல்லாது. ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, நீங்கள் நம்பும் பணிமனைக்காரரை அழைத்துச் சென்று கார் இரண்டையும் லிஃப்டில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எர்திகாவின் பாகங்கள் இரண்டு வாரத்துக்குள் கிடைக்கும் என்று எழுத்தில் தந்தால், விலையை இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொல்லி அதை வாங்கலாம். எழுதித் தரத் தயங்கினால் அல்சாவுக்கே முன்பணம் கட்டுங்கள்.