வாடகை வீட்டுக்கு ஓவன் வாங்கலாமா?

கேள்வி: நாகர்கோவில் பார்வதிபுரத்தில் நாங்கள் நாலு பேர் வாடகை வீட்டில் தங்கியிருக்கிறோம். முறை வைத்துச் சமைக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை குக்கரில் உப்புப் பரப்பி கேக் செய்து பார்க்கிறோம். அடி கருகுகிறது, மேல்பக்கம் வெளுத்தே கிடக்கிறது. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஓவன் வாங்கலாம் என்று பேச்சு. மைக்ரோவேவா, ஓடிஜியா (கம்பி சூடாகி பேக் செய்யும் மின் அடுப்பு)? பில் யார் பெயரில் போடுவது?

பதில்: கடைக்குப் போவதற்கு முன்னால் உங்கள் அடுக்களைச் சுவரைப் பாருங்கள். வாடகை வீடுகளில் பெரும்பாலும் மிக்சிக்கென்று ஒரு சின்ன பிளக்தான் அங்கே இருக்கும். பெரிய பவர் பிளக் குளியலறை ஹீட்டருக்குப் போயிருக்கும். நாம் 5 ஆம்ப் என்று சொல்லும் சின்ன பிளக்கில் இப்போது 6 என்று அச்சிட்டிருக்கும். 230 வோல்ட்டால் பெருக்கினால் 1,380 வாட். அதுதான் அதன் உச்சம். ஓடிஜி பலவும் 1,200 வாட்டிலிருந்து 1,600 வாட் வரை இழுக்கும், அதுவும் கேக் வேகும் முக்கால் மணி நேரமும் விட்டுவிட்டு. மிக்சி மாதிரி ஐந்து நிமிட வேலை அல்ல. பெரிய பின்னைச் சின்ன பிளக்கில் செருக உதவும் கன்வெர்ட்டர் பின் மாட்டியோ எக்ஸ்டென்ஷன் பெட்டி இழுத்தோ ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பிளக் உருகிவிடும். வீட்டுக்காரரிடம் சொல்லி ஒரு பவர் பிளக் போடுவதற்கு எலக்ட்ரீசியன் கேட்கும் காசையும் ஓவன் விலையோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

பிளக் சரி என்றால், கேக்குக்கு ஓடிஜிதான். சாதாரண மைக்ரோவேவ் உணவிலுள்ள ஈரத்தைச் சூடாக்கும். கேக்கின் மேல்பக்கம் சிவக்காது, பிரெட்டில் மொறுமொறுப்பு வராது. கன்வெக்‌ஷன் (சூடான காற்றைச் சுழற்றும் வகை) என்று எழுதியிருந்தால்தான் பேக் செய்ய முடியும், அதற்கு விலை கூடுதல். ஆனால் நேற்றைய மீன் குழம்பைச் சூடாக்குவதுதான் உங்கள் தினசரித் தேவை என்றால் ஓடிஜி உதவாது. நாலு பேரும் உட்கார்ந்து இதை ஒருமுறை பேசிவிடுங்கள். கேக் ஆசை மூன்றாம் மாதம் அடங்கிவிடுகிற வீடுகள்தான் அதிகம்.

அளவு என்று பார்த்தால் அரைக்கிலோ கேக்குக்கு 7 அங்குல டின் போதும், 18, 20 லிட்டர் ஓடிஜியிலேயே உட்காரும். லிட்டர் கணக்கை நம்ப வேண்டாம். வைத்திருக்கும் டின்னையே கடைக்குக் கொண்டுபோய் உள்ளே வைத்துக் கதவை மூடிப் பாருங்கள். சுற்றிலும் இரண்டு விரல் இடம் இருக்க வேண்டும். மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டையும் தனித்தனியாகப் போட வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் கேக்கின் வெளுத்த மேல்பக்கத்துக்கு மருந்து அதுதான். கடையிலேயே பிளக்கில் மாட்டச் சொல்லி, கம்பிகள் முழு நீளத்துக்கும் சிவக்கின்றனவா என்று பாருங்கள். முகம் சுளிக்கும் கடையில் வாங்காதீர்கள்.

கரண்ட் பில்லுக்குப் பயப்படுகிற அளவு ஒன்றுமில்லை. 1,200 வாட் ஓவன் ஒரு மணி நேரம் இடைவிடாமல் எரிந்தாலே 1.2 யூனிட்தான். சூடு ஏறியதும் தெர்மோஸ்டாட் அவ்வப்போது அணைத்துவிடும், அதனால் இன்னும் குறையும்.

பில் யாராவது ஒருவர் பெயரில் இருந்தால் போதும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியவர் மட்டுமல்ல, அவர் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான். உங்கள் சிக்கல் சட்டத்தில் இல்லை. ஒருவர் வேலை கிடைத்து சென்னைக்குக் கிளம்பும்போது ஓவன் யாருக்கு, மற்றவர்கள் எவ்வளவு திருப்பித் தருவது என்பதில்தான் வரும். அதை இப்போதே வாட்ஸப்பில் நாலு வரி எழுதிப் போட்டுவிடுங்கள்.

அதுவரை குக்கர் கேக்கை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் தினமும் சோறு வைக்கும் குக்கரைத் தண்ணீரில்லாமல் அடிக்கடி காயவிட்டால் அடிப்பாகம் கெடும். அதற்குப் பதில் கனமான பழைய பாத்திரம் ஒன்றை மூடி போட்டு, அடியில் தோசைக்கல் வைத்து, சின்னத் தீயில் வையுங்கள். அடி கருகுவது நின்றுவிடும்.

கேள்வி: மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் கேக் மாவு அடிக்கும் எலக்ட்ரிக் பீட்டர் வாங்கினோம். இரண்டாம் நாளே மோட்டார் நின்றுவிட்டது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று பில்லில் இருக்கிறதே என்கிறார் கடைக்காரர்.

பதில்: அந்த வரியை ரப்பர் ஸ்டாம்பில் குத்தினாலும் அச்சடித்தாலும் பழுதான பொருளுக்கு அது செல்லாது. பழுதான பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதே முறையற்ற வணிகம் என்று அதே 2019 சட்டம் சொல்கிறது. பில் தர மறுப்பதும் அப்படித்தான். (நிறம் பிடிக்கவில்லை, அக்கா வேறு வாங்கிவிட்டாள் என்பதற்கெல்லாம் இது பொருந்தாது.)

முதலில் பீட்டர் ஓடாததை வீடியோ எடுத்து, பில்லோடு கடைக்கு எழுத்தில் கொடுங்கள். அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கவே இருக்கிறது. வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போடலாம். ஒரு பீட்டருக்காக அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது; 1915இல் கொடுத்த புகார் எண்ணைச் சொன்னதுமே பல கடைகளில் பேச்சு மாறும்.

கேள்வி: பிரவுனிக்கு 'கம்பவுண்ட்' சாக்லேட் வாங்கலாமா? விலை குறைவாக இருக்கிறது.

பதில்: அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு இருக்கும், லேபிளிலேயே தெரியும். கேக் மேலே உருக்கி ஊற்ற நம்மூர் வெயிலுக்கு அது வசதி, சீக்கிரம் உருகாது. பிரவுனிக்குள் போட அந்தக் காசுக்கு நல்ல கோகோ பவுடரும் வெண்ணெயும் வாங்குங்கள்.

கேள்வி: வாழைப்பழக் கேக்குக்கு மட்டிப் பழம் நல்லதா? பேக்கிங் பவுடர் போட்டும் எழும்புவதில்லை.

பதில்: கன்னியாகுமரி மட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குழந்தைக்குக் கொடுக்கிற பழத்தைப் போய் மாவில் பிசைவானேன்! தோல் கறுத்த பாளையங்கோட்டானை சாயங்காலம் வடசேரிச் சந்தையில் பேரம் பேசி வாங்குங்கள், கேக்குக்குக் கனிந்த பழம்தான் வேண்டும்.

எழும்பாததற்குப் பழம் காரணமில்லை. கடையில் பிரித்துச் சின்னக் கவரில் கட்டி விற்கும் பேக்கிங் பவுடரில் பொதித்தவர் பெயரும் இருக்காது, தேதியும் இருக்காது. நம் கடற்கரைக் காற்றில் ஈரம் ஏறினால் அது சீக்கிரம் செத்துவிடும். ஒரு ஸ்பூன் எடுத்துச் சுடுதண்ணீரில் போடுங்கள். பொங்கி நுரைக்காவிட்டால் தூரப் போட்டுவிட்டு, தேதி உள்ள சின்ன டப்பாவாக வாங்கி, இறுக மூடி வையுங்கள்.