மரவள்ளியும் மூன்று துறைகளும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் தாவர உயிரியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். பயிர்கள் தம்மைக் காத்துக்கொள்ள உருவாக்கும் நச்சுப் பொருட்களே என் ஆய்வுப்பொருள் என்பதால் வேதியியல் ஆய்வகத்தோடு ஏற்கெனவே பழக்கம் உண்டு. இப்போது என் நெறியாளர், அந்தப் பயிரை விளைவித்து உண்ணும் மக்களிடம் கள ஆய்வு நடத்தி, சமூகவியல் சார்ந்த ஓர் இயலையும் சேர்க்கச் சொல்கிறார். பல்துறை ஆய்வு என்றால் நிதி நல்கை எளிதில் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. மூன்றிலும் அரைகுறையாக நின்றுவிடுவேனோ என்று எனக்கு அச்சமாக இருக்கிறது. இந்தத் துறைகள் ஒன்றுக்கொன்று உண்மையிலேயே தேவைதானா?

ர.

அன்புள்ள ர.,

நல்கைக்காக மட்டும் என்றால் அந்த இயலை எழுதாதீர்கள். ஆய்வெல்லாம் முடிந்த பிறகு சிலரிடம் வினாநிரலைக் கொடுத்து நிரப்பி வாங்கி, விடைகளைச் சதவீதமாக்கிக் கடைசியில் ஒட்டிவைத்த ஆய்வேடுகளைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டாலும் மற்ற இயல்களில் ஒரு வரிகூட மாறாது. ஒரு துறை கண்டறிவது இன்னொரு துறையின் முடிவைத் திருத்தக்கூடுமானால்தான் இரண்டும் ஒரே ஆய்வுக்குள் இருக்க வேண்டும். அவ்வாறு நிகழ்ந்த ஒன்றை, உங்கள் பொருளுக்கு மிக நெருக்கமானது என்பதால், சற்று விரிவாகவே சொல்கிறேன்.

1981-இல் மொசாம்பிக்கின் நம்புலா மாகாணத்தில், கடும் வறட்சிக் காலத்தில், ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் திடீரென்று இரு கால்களும் விறைத்துச் செயலிழந்தன. அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். தொற்றுநோயோ, போர்க்காலத்தில் யாரேனும் கலந்த நஞ்சோ என்ற ஐயம் முதலில் எழுந்தது. அங்கே பணியாற்றிய ஜூலி கிளிஃப், ஹான்ஸ் ரோஸ்லிங் உள்ளிட்ட மருத்துவர்கள் தேடிச்சென்று சேர்ந்த இடம் அம்மக்களின் அன்றாட உணவான, நச்சு மிகுந்த கசப்பு மரவள்ளி. காங்கோவில் 1938-இலேயே விவரிக்கப்பட்டிருந்த, கொன்சோ எனப்படும் நோய்தான் இது.

மரவள்ளியின் உயிரணுவுக்குள் லினமரின் என்ற பொருள் ஓர் அறையில் அடைபட்டிருக்கிறது. அதை உடைக்கும் நொதியோ வெளியே, உயிரணுச் சுவரில் இருக்கிறது. கிழங்கைக் கடித்தாலோ சீவினாலோ இரண்டும் கலந்து, இடைப்பொருள் ஒன்றின் வழியாக ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படுகிறது. அது ஏறத்தாழ 26 பாகை செல்சியசிலேயே கொதிக்கும் பொருள் என்பதால், கிழங்கை நாள்கணக்கில் ஊறவைத்தோ உலர்த்தியோ பக்குவப்படுத்தினால் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். உடலுக்குள் எஞ்சிப் புகுவதைக் கந்தகம் கொண்ட அமினோ அமிலங்களின் உதவியால் உடல் தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீரில் கழிக்கிறது. புரதமில்லாத வெறுங்கிழங்கையே வாரக்கணக்கில் உண்பவருக்கு அந்தக் கந்தகமும் போதாமற்போகிறது. போதாக்குறைக்கு, வறட்சியில் செடி லினமரினைக் கூடுதலாகச் சேர்க்கிறது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஒரு கேள்விக்கு விடை கிடைக்காமல் நிற்கிறது. பல தலைமுறைகளாக இதே கிழங்கைத் தீங்கின்றி உண்டுவந்தவர்களுக்கு ஏன் திடீரென்று நோய் வந்தது? நம்புலாவில் அதற்கு விடை பசி. உலரும்வரை காத்திருக்க வீட்டில் வேறு உணவு இல்லை. அன்று சயீர் எனப்பட்ட காங்கோவின் பாண்டுண்டு பகுதியில் ரோஸ்லிங் குழுவினர் கண்ட விடையோ ஆய்வகத்தில் எவருக்கும் தோன்றியிராது. தலைநகர் கின்ஷாசாவுக்குத் தார்ச்சாலை போடப்பட்டதும் மரவள்ளி விற்பனைச் சரக்காகிவிட்டது. விரைவில் விற்பதற்காக, மூன்று இரவுகள் ஊறவேண்டிய கிழங்கு ஒன்றிரண்டு இரவுகளிலேயே நீரிலிருந்து எடுக்கப்பட்டது. கிழங்கில் நஞ்சு எவ்வளவு என்பதை வேதியியல் அளந்து சொல்லும். அது தட்டுவரை வந்தது எப்படி என்பதைச் சாலையையும் சந்தையையும் பெண்களின் வேலை நேரத்தையும் கேட்டறிந்தவர்களே சொன்னார்கள்.

உங்கள் துறையில் இருப்பவருக்கு அடுத்துத் தோன்றும் வழி, நஞ்சற்ற செடியை உருவாக்கிக் கொடுத்துவிடுவது. லினமரின் உருவாக்கத்தின் முதற்படியை நடத்தும் மரபணுக்களை அடக்கி, நச்சு மிகக் குறைந்த மரவள்ளியை ஆய்வகங்களில் உண்டாக்கியும் காட்டினார்கள். அறிவியலாக அது சிறந்த பணிதான். ஆனால் மலாவியில் லின்லி சிவோனா-கார்ல்டுனும் உடன் பணியாற்றியவர்களும் விவசாயிகளிடம், பெரும்பாலும் பெண்களிடம், கேட்டபோது, கசப்பு வகையை அவர்கள் அறியாமையால் வைத்திருக்கவில்லை, தெரிந்தே தேர்ந்தெடுக்கிறார்கள் என்று தெரியவந்தது. இனிப்புக் கிழங்கைத் திருடர் பிடுங்கிப் பச்சையாகவே தின்றுவிடலாம், குரங்கும் பன்றியும் தோண்டிப்போகலாம். கசப்புக் கிழங்கைப் பக்குவப்படுத்தும் பொறுமை இருப்பவருக்கே அது உணவாகும். தனியாகக் குடும்பம் நடத்தும் ஒரு பெண்ணுக்கு அந்தக் கசப்பே வேலி. இந்த ஒரு செய்தி, ‘நஞ்சை எப்படி நீக்குவது?’ என்ற தாவரவியல் கேள்வியை, ‘நஞ்சு நிலத்தில் இருக்கவும் தட்டில் இல்லாதிருக்கவும் என்ன செய்வது?’ என்று மாற்றிவிடுகிறது.

மாறிய அந்தக் கேள்விக்குப் பொருத்தமான விடை மீண்டும் வேதியியலிலிருந்தே வந்தது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஹோவர்ட் பிராட்பரியின் முறையில், மரவள்ளி மாவை நீர்விட்டு ஈரமாக்கி, மெல்லிய படலமாகப் பரப்பி, நிழலில் 5 மணி நேரமோ வெயிலில் 2 மணி நேரமோ விட்டுவைக்க வேண்டும். மாவில் தங்கியிருக்கும் லினமரினும் நொதியும் ஈரத்தில் சந்தித்து, சயனைடு வெளியேறிவிடுகிறது. புதிய செடியும் வேண்டாம், கருவியும் வேண்டாம். (சயனைடை அளக்க அவர் உருவாக்கியதும், நிறம் மாறும் ஒரு தாள்தான், அதன் எளிமை மீது எனக்குத் தனி மரியாதை உண்டு.) காங்கோவின் கிராமங்களில் பெண்களுக்குக் கற்பிக்கப்பட்ட முறை இது.

உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். இதில் ஒருவரே மூன்று துறைகளிலும் வல்லுநராக இருக்கவில்லை. நீங்களும் இருக்க வேண்டியதில்லை. தாவர உயிரியலில் ஆழமாக நில்லுங்கள். மற்ற இரண்டிலும், அத்துறையினர் உங்கள் முடிவை மறுக்கும்போது எதற்காக மறுக்கிறார்கள் என்று விளங்கும் அளவுக்குப் பயிற்சி போதும். ஆனால் களத்துக்கு முதலாண்டிலேயே போங்கள், வினாநிரல் இல்லாமல் போங்கள். வினாநிரலில் நீங்கள் முன்பே யோசித்தவை மட்டுமே இருக்கும். ‘திருடனுக்காகக் கசப்பை வளர்க்கிறீர்களா?’ என்று எந்த வினாநிரலும் கேட்டிருக்காது. அங்கே கேட்டதைக் கொண்டு ஆய்வுக்கேள்வியைத் திருத்திய பிறகு செடிகளை நடுங்கள். நேர்காணல்களுக்கும் உடல்சார் மாதிரிகளுக்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். ஆய்வகப் பழக்கத்தில் இருப்பவர்கள் இதைக் கடைசிவரை மறந்துவிடுகிறார்கள். சமூகவியலாளர் ஒருவரை இணை நெறியாளராகத் தொடக்கத்திலேயே கேட்டுப் பெறுங்கள், கட்டுரைகளில் யார் பெயர் எங்கே வரும் என்பதையும் அப்போதே எழுத்தில் பேசி முடித்துவிடுங்கள். இணை நெறியாளருக்கு உங்கள் நெறியாளர் இசையவில்லை என்றால் அந்த இயலை விட்டுவிட்டு, வேதியியலும் தாவர உயிரியலும் மட்டும் கொண்டு ஆய்வேட்டை முடிக்கலாம். அதில் குறை ஏதும் இல்லை.