கோத்தகிரியில் கோடை வீடு, பாதையில் பூட்டு: கலெக்டருக்கு மனு கொடுக்கலாமா?

கேள்வி: திருப்பூரில் பனியன் தொழில் செய்கிறேன். 2019-ல் கோத்தகிரி அருகே, ஒரு தேயிலைத் தோட்டத்துக்குள் கட்டி முடித்திருந்த காட்டேஜ் ஒன்றை வாங்கினேன். விற்றவர் என் கல்லூரி நண்பர். "முன்னால் எதுவும் வராது, ராத்திரியில் மேட்டுப்பாளையம் விளக்குகள் தெரியும்" என்று சத்தியம் செய்தார். பிறகு எனக்கு முன்னால் இருந்த இடத்தையே வேறொருவருக்கு விற்றுவிட்டார். அவர் மூன்று தளம் எழுப்பிவிட்டார். போதாததற்குத் தோட்டத்துச் சாலையில் கேட் போட்டுப் பூட்டியும்விட்டார். கேட்டால் என் மனைவியின் எதிரிலேயே மரியாதையில்லாமல் பேசுகிறார். சாலை போட்ட செலவில் பாதியைக் கொடுத்து, இனிப் புகார் எதுவும் செய்யமாட்டேன் என்று எழுதித் தந்தால் சாவி தருவாராம். இதைவிட அவமானம் உண்டா? கட்டடத்தை இடிக்கக் கலெக்டருக்கு மனு, பாதைக்குத் தடையாணை, நண்பர் மீது மோசடிப் புகார் ஆகிய மூன்றையும் ஒன்றாகத் தொடங்க நினைக்கிறேன். பத்திர நகல், மனு நகல், படங்கள் இணைத்துள்ளேன்.

பதில்: நண்பரின் சத்தியம், பக்கத்துக்காரரின் வாய்த்துடுக்கு, உங்கள் மன வருத்தம் எல்லாவற்றையும் ஓரமாக வையுங்கள். நான் முதலில் படித்தது உங்கள் கிரையப் பத்திரத்தின் கடைசியில் உள்ள சொத்து விவரத்தை. அதில் நான்கு எல்லைகளும் சொல்லப்பட்டிருப்பது 1 ஏக்கர் 80 சென்ட் கொண்ட முழுத் தோட்டத்துக்கு. அதற்குக் கீழே, "மேற்படி சொத்தில் பிரிபடாத 10 சென்ட் பாகமும் அதிலுள்ள கட்டடமும்" என்று ஒரே வரி. பட்டாவும் கூட்டுப் பட்டா. உங்கள் வழக்கு முழுவதும் இந்த ஒரு வரிக்குள் அடக்கம்.

எந்த 10 சென்ட் உங்களுடையது என்று பத்திரத்தில் எங்கும் இல்லை. உங்கள் வேலிக்குள் இருக்கும் மண்ணிலும் பக்கத்துக்காரருக்குப் பங்கு உண்டு, அவர் கட்டிய இடத்திலும் உங்களுக்குப் பங்கு உண்டு. அண்டை வீட்டார் என்று நினைத்துச் சண்டை போடுகிறீர்கள். சட்டத்தின் பார்வையில் நீங்கள் இருவரும் கூட்டு உரிமையாளர்கள். ஒரு கூட்டு உரிமையாளர் இன்னொருவரை எதிர்த்து உறுத்துக்கட்டளை (நீங்கள் சொல்லும் தடையாணை போன்ற நீதிமன்றக் கட்டளை) கேட்டுப் போனால், பாகப்பிரிவினை வழக்குப் போடுங்கள் என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் விடை. கட்டட வேலை நடக்கும்போதே போயிருந்தால் கொஞ்சம் வாதாட இடம் இருந்தது. கூரை போட்டு, வர்ணம் பூசி, குடியும் வந்த பிறகு இடிக்கச் சொல்லும் உரிமையியல் நீதிபதியை நான் அதிகம் பார்த்ததில்லை.

மலையில் பிரிபடாத பாகமாக விற்பதற்குக் காரணம் எளிது. மனைப்பிரிவு அனுமதி வாங்காமல் தோட்டத்தைக் கூறு போடலாம். பத்திரம் பதிவாகிவிட்டதே என்பார்கள். பதிவு என்பது கைமாறியதற்குச் சாட்சி, கட்டியதற்கு அனுமதி அல்ல.

மோசடிப் புகார் நிற்காது. பத்திரத்தில் எழுதியதை அவர் கொடுத்துவிட்டார். எழுதாததைச் சொன்னார் என்று வாய்ச் சாட்சியால் பத்திரத்தைத் திருத்த முடியாது. காட்சி மறைப்பும் அப்படியே. 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தில் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் 20 ஆண்டு அனுபவித்தால் உரிமை வரும். பள்ளத்தாக்கு தெரிய வேண்டும் என்பதற்கு எத்தனை ஆண்டானாலும் வராது.

பாதை மட்டும் வேறு. பொதுவில் உள்ள வழியைக் கூட்டு உரிமையாளர் ஒருவர் பூட்டி மற்றவரை வெளியே நிறுத்த முடியாது. உங்கள் கையில் இருக்கும் ஒரே நல்ல சீட்டு இதுதான். அதைக் கெடுத்துக்கொள்ளும் வேலையைத்தான் அந்த மனுவில் செய்திருக்கிறீர்கள்.

மனுவுடன் ஆதாரமாக நீங்கள் இணைத்திருக்கும் மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கேட்டும் பூட்டும் தெளிவாக இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் உங்கள் வீட்டுப் பக்கம் ஆள் உயரத்துக்குச் செம்மண் வெட்டிச் சமன் செய்த கார் நிறுத்துமிடம், பாதி எழும்பிய தடுப்புச் சுவர், "குடும்பங்களுக்குக் காட்டேஜ் வாடகைக்கு" என்ற பலகை. நீலகிரியில் கலெக்டர் அனுமதி இல்லாமல் பொக்லைன் இறக்கக் கூடாது. 2009 நவம்பர் மழையில் மண்சரிந்து 40 பேருக்கும் மேல் இறந்த மாவட்டம் இது. இங்கே புதிதாக வெட்டிய செம்மண்ணை எந்த வருவாய் அலுவலரும் பார்க்காமல் தாண்ட மாட்டார். குடியிருப்பு என்று வரைபட அனுமதி வாங்கி வாடகைக்கு விடுவது தனிக் குற்றச்சாட்டு. இ-பாஸ் எடுத்து வரும் விருந்தினர்கள் உங்கள் வீட்டுக் கணக்கில் உறவினர்களாக இருக்கலாம், அலுவலகக் கணக்கில் அப்படி ஆக மாட்டார்கள். வரைபட அனுமதியாவது இருக்கிறதா என்று தேடினேன். நீங்கள் அனுப்பிய காகிதங்களில் வீட்டு வரி ரசீது மட்டுமே இருக்கிறது. அது அனுமதி ஆகாது.

என்னிடம் வந்த ஒருவர் குன்னூர்ப் பக்கம் இதே வேலையைச் செய்தார். பக்கத்துக்காரரின் மேல்தளம் 7 மீட்டர் உயர வரம்பைத் தாண்டுகிறது என்று குறைதீர் கூட்டத்தில் மனு. மனு நன்றாகவே வேலை செய்தது. ஆட்கள் வந்தார்கள், டேப்பைப் பக்கத்துக் கட்டடத்தில் பிடித்தார்கள், போகிற போக்கில் இவர் கட்டடத்திலும் பிடித்தார்கள். நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57-ஆம் பிரிவுகளில் இருவருக்கும் நோட்டீஸ், பிறகு இரண்டு வாசலிலும் சீல். பக்கத்துக்காரர் உள்ளூர்க்காரர், மேல்முறையீட்டுக்கு அலைய அவருக்கு நேரம் இருந்தது. இவர் சமவெளியிலிருந்து ஒவ்வொரு முறையும் மலையேற வேண்டியிருந்தது. எதிரியின் வீட்டைப் பூட்ட வைத்தவர் தன் மெத்தை தலையணையை எடுக்கவும் மனுப் போட வேண்டியதாயிற்று.

பணம் கொடுத்து நேர்மையாக வாங்கினேன் என்ற வாதம் மலையில் செல்லாது. இதே நீலகிரியில் உள்ள சீகூர் யானை வழித்தடத்தில் 2018 ஆகஸ்டில் விடுதிகளுக்குச் சீல் வைக்கச் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. 2020 அக்டோபரில் வழித்தட அறிவிப்பையே உறுதி செய்தது. அங்கே இருந்தவர்களிடமும் பத்திரம் இருந்தது. உங்கள் இடம் அந்த வழித்தடத்தில் இல்லை, சரி. ஆனால் 1949-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உங்கள் புல எண் இருக்கிறதா என்று வாங்கும்போது யாராவது பார்த்தார்களா? இருந்தால், முன் அனுமதி இல்லாத கிரையமே செல்லாது. சண்டைக்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

சரி, மனு வேண்டாம், பாகப்பிரிவினை வழக்கே போடுகிறேன் என்பீர்கள். இது அதைவிட ஆழமான பள்ளம். வில்லங்கச் சான்றின்படி உங்கள் நண்பர் கையில் இன்னும் 1 ஏக்கருக்கு மேல் இருக்கிறது. அதாவது பாதிக்கு மேல். சரிவும் பாதையும் தேயிலையும் கலந்த இடத்தை வசதியாகப் பிரிக்க முடியாது என்று நீதிமன்றம் கருதினால், பாதியோ அதற்கு மேலோ பங்குள்ளவர் கேட்டு முழுச் சொத்தையும் விற்கச் சொல்ல 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தில் வழி உண்டு. அப்போது உங்களுக்குக் கிடைப்பது விற்ற பணத்தில் ஒரு பங்கு. வேண்டுமானால் அவர் பங்கை மதிப்புப் போட்டு நீங்கள் வாங்கலாம் என்றும் சட்டம் சொல்கிறது. 1 ஏக்கரை வாங்கும் உத்தேசம் உங்களுக்கு இருக்காது என்று நினைக்கிறேன். இடையில் நீதிமன்றம் அனுப்பும் வழக்கறிஞர் ஆணையர் நேரில் வந்து அறிக்கை எழுதுவார். அந்தத் தடுப்புச் சுவர் அதிலும் ஏறும்.

ஆகவே பக்கத்துக்காரர் கேட்பதை அவமானமாக நினைக்காதீர்கள். உங்களுக்கு வரக்கூடியதில் அதுதான் நல்ல பேரம். இரண்டு திருத்தங்கள் மட்டும் கேளுங்கள். செலவில் பாதி என்பது அதிகம். அந்தச் சாலையைப் பயன்படுத்துவோர் அனைவரும் பாகத்தின் அளவுக்குப் பிரித்துக்கொள்ளட்டும். அடுத்து, புகார் செய்யமாட்டேன் என்ற வாக்கியத்தை எக்காரணம் கொண்டும் எழுதிக் கொடுக்காதீர்கள். புகாரை அடக்குவதற்காக எழுதும் உடன்படிக்கை செல்லாது. செல்லாத அந்தக் காகிதம், இருவரும் விதி மீறியதற்கு இருவரும் கையெழுத்திட்ட வாக்குமூலமாக ஒருநாள் மேசைக்கு வரும். சாவி தருவதாக வாய்ச்சொல்லும் போதாது. சாலையின் அகலம், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, கனரக வண்டி வரலாமா, பராமரிப்பு யார் பொறுப்பு என்று வரைபடத்துடன் எழுதி, உங்கள் நண்பர் உட்பட எல்லாப் பங்குதாரரும் கையெழுத்துப் போட்டுப் பதிவு செய்யுங்கள். பதிவானால் வில்லங்கச் சான்றில் ஏறும். நாளை அவர் தன் பாகத்தை யாருக்கு விற்றாலும் வாங்குபவர் கண்ணில் படும். நண்பரை மோசடிக்காரர் என்று திட்டி எழுதிய நோட்டீஸைக் கிழித்துவிடுங்கள். அவருடைய கையெழுத்து இல்லாமல் இந்தப் பத்திரம் முழுமையாகாது.

கேட் திறக்கப் பக்கத்துக்காரர் மறுத்தால் மட்டும் பாதைக்காக வழக்கு. அதில் பாதையைத் தவிர வேறு எதையும் கேட்க வேண்டாம், மூன்றாவது படத்தையும் இணைக்க வேண்டாம். அதுவரை வாடகைப் பலகையைக் கழற்றுங்கள், இணையத்தில் போட்டிருக்கும் விளம்பரத்தை நீக்குங்கள், தடுப்புச் சுவர் வேலையை நிறுத்திவிட்டு அதற்கும் வீட்டுக்கும் முறையான அனுமதிக்கு விண்ணப்பிக்க முடியுமா என்று உரிமம் பெற்ற ஒரு பொறியாளரை அழைத்து அளந்து பாருங்கள். அவர் தரும் வரைபடத்தையும் மூலப் பத்திரங்களையும் எடுத்துக்கொண்டு பிறகு வாருங்கள், ஒப்பந்த நகல் எழுதலாம்.