மீன் வாங்கும் முன்: வஞ்சிரம், நண்டு, சுறா பற்றிக் கேட்டவையும் பதில்களும்

மடிப்பாக்கத்திலிருந்து: அக்கா, தடைக்காலத்திலும் வஞ்சிரம் கிடைக்கிறதே, எப்படி? வாங்கலாமா?

தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மட்டும்தான் தடை. நாட்டுப்படகும் கட்டுமரமும் போகலாம். மேற்குக் கரையில் தடை ஜூனில்தான் தொடங்கும் என்பதால் மே முழுக்க அங்கிருந்து லாரியில் மீன் வரும். ஜூன் இரண்டாம் வாரத்தில் இரண்டு கரையுமே மூடியிருக்கும். அப்போது வஞ்சிரம் மலைபோல் குவிந்திருந்தால் பெரும்பாலும் அது குளிர்கிடங்குச் சரக்கு. கண் உள்வாங்கியிருக்கும், துண்டு போட்டால் நீர் தனியாகப் பிரியும். கடைக்காரரிடம் "நாட்டுப்படகா, ஐஸ் மீனா?" என்று நேராகக் கேளுங்கள். நாட்டுப்படகு மீன் என்றால் தயங்காமல் வாங்கலாம். இல்லையென்றால் அந்த இரண்டு மாதத்துக்குக் குளத்து மீன் இருக்கிறது: கட்லா, ரோகு, விரால்.

அதே வஞ்சிரம் பற்றி, திருச்சியிலிருந்து: சின்ன மீன் மென்மையாக இருக்குமே, அதில் என்ன தப்பு?

சுமார் 70 செ.மீ. வளர்ந்த பிறகுதான் வஞ்சிரம் முட்டையிடும் பருவத்துக்கு வரும். மூக்கு நுனியிலிருந்து வால் பிளவு வரை அளக்க வேண்டும். கடையில் டேப் எடுக்க வேண்டாம், பெரியவர் ஒருவரின் கையில் விரல் நுனி முதல் தோள் வரை ஏறக்குறைய அவ்வளவு வரும். எடையில் இரண்டரை கிலோ. அதற்குக் கீழே இருந்தால் ஒரு தடவைகூட முட்டையிடாத மீனாக இருக்க வாய்ப்பு அதிகம். துண்டாக வாங்கினால் வில்லையின் குறுக்களவைப் பாருங்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் நடுத்துண்டு குட்டி மீனுடையது.

அப்படியானால் எந்த மீனிலும் பெரியதுதான் நல்லதா?

இல்லை. களவா பெண்ணாகப் பருவமடைந்து, வயதான பிறகு ஆணாக மாறும். பாரில், அதாவது கடலடிப் பாறைத் திட்டில், உள்ள பெரிய களவாக்களையே பிடித்துக்கொண்டிருந்தால் ஆண் மீன் அருகிப்போகும். கொடுவா நேர் எதிர், முதலில் ஆண், பிறகு பெண். கடலில் பிடித்த ராட்சதக் கொடுவா பெரும்பாலும் தாய் மீன். இந்த இரண்டிலும் குட்டியும் வேண்டாம், ராட்சதமும் வேண்டாம், நடுத்தரம் போதும்.

ராமநாதபுரத்திலிருந்து: சினை நண்டு ருசியே தனி. சாப்பிடக் கூடாதா?

இரண்டு சினை உண்டு, குழப்பிக்கொள்ள வேண்டாம். ஓட்டுக்கு உள்ளே ஆரஞ்சு நிறத்தில் கெட்டியாக இருப்பது ஒன்று. வயிற்று மடலுக்கு வெளியே பஞ்சுபோல் தொங்குவது இன்னொன்று. வெளியே தொங்குவது கருவுற்ற முட்டை, ஒரு நண்டிலேயே லட்சக்கணக்கில் இருக்கும். முதலில் மஞ்சள், ஆரஞ்சு. பொரியும் நாள் நெருங்க நெருங்கப் பழுப்பாகிக் கடைசியில் சாம்பல் கறுப்பு. கறுத்த முட்டையோடு விற்கிற நண்டு இன்னும் சில நாளில் குஞ்சுகளைக் கடலில் விட்டிருக்கும். அதை வாங்கவே வாங்காதீர்கள். ருசியும் அதில் இல்லை.

நண்டைக் கவிழ்த்துப் பாருங்கள். மடல் ஒடுங்கி நீண்டிருந்தால் ஆண். அரைவட்டமாக அகன்றிருந்தால் பருவமடைந்த பெண். முக்கோணமாக உடம்போடு ஒட்டியிருந்தால் இளம்பெண். ஆண் நண்டாக, முதுகு ஓடு 9 செ.மீ.க்கு மேல் அகலமாக இருப்பதைக் கேளுங்கள். காலிலும் கொடுக்கிலும் சதை அதில்தான் நிறைய.

பிரசவமான தங்கைக்குப் பால் சுறா புட்டு செய்யச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

வேண்டாம். நெத்திலி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பால் சுறா ஓர் ஈற்றில் ஒன்று முதல் எட்டுக் குட்டி வரைதான் போடும், கர்ப்பமும் ஏறக்குறைய ஓராண்டு. பிடிக்கிற வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியாது. தவிர, கடையில் தலையும் துடுப்பும் வெட்டிய சுறாவைப் பார்த்து இனம் சொல்வது கடினம், பால் சுறா என்ற பெயரில் வேறு சுறாவின் குட்டியும் வரும். சுறா மற்ற மீன்களை இரையாகப் பிடித்துத் தின்னும் மீன் என்பதால் பாதரசமும் சேரும், பாலூட்டும் தாய்க்கு அதுவே தவிர்க்கப் போதுமான காரணம்.

காரப்பொடியும் பாட்டிகள் சொன்ன பிரசவ மீன்தானே? அதைக் குழம்பு வையுங்கள். புட்டுதான் வேண்டுமென்றால் சிறிய சூரை அரைகிலோ. மஞ்சள் போட்டுப் பத்து நிமிடம் வேகவைத்து, நடுவில் ஓடும் கருஞ்சதையை நீக்கிவிட்டு உதிர்த்தால் வாடை இருக்காது.

பண்ணை இறாலா, கடல் இறாலா?

அடிமட்டத்தை வாரும் இழுவலையில் ஒரு கிலோ இறாலோடு பல கிலோ சங்காயம், அதாவது வேண்டாத சில்லறை மீன், வரும். அதில் நிறைய நாளைக்குப் பெரிதாக வேண்டிய மீன்குஞ்சு, கருவாட்டுக்குக்கூட ஆகாமல் தீவனத்துக்குப் போகிறது. ஆமையும் மாட்டும், மூச்சுவிட மேலே வர முடியாமல் சாகும். அதைத் தடுக்க, வலையில் மீன் சேரும் பையான மடிக்கு முன்னால் சாய்வான கம்பித்தட்டி பொருத்தலாம். கம்பிகளின் இடைவெளி 10 செ.மீ. என்றால் இறால் உள்ளே போகும், ஆமை தட்டியில் மோதிப் பக்கத்துத் திறப்பு வழியே வெளியேறும். நம் படகுகளில் அது பரவலாகாததால் 2019-இல் அமெரிக்கா இந்தியக் கடல் இறாலை வாங்குவதை நிறுத்தியது.

வனாமி என்ற இறாலை வளர்க்கும் பண்ணையில் அந்தக் கேடு இல்லை, ஆனால் அதன் தீவனத்தில் மீன்தூள் இருக்கிறது. குளத்துக் கழிவுநீரை வடிகட்டாமல் ஓடையில் விட்டால் ஊர்க் கிணறும் கெடும். என் தேர்வு: இழுவலை இறாலைவிட, பதிவுபெற்ற பண்ணையின் வனாமி. அதைவிட நல்லது கழிமுகத்தில் வீச்சுவலையில் பிடித்த இறால், கிடைத்தால்.

கடலூரிலிருந்து: சுருக்குமடி வலைக்குத் தடையா, அனுமதியா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

தமிழகம் 2000-இல் தடைசெய்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவில் 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று அனுமதித்தது. கூட்டத்தைச் சுற்றி வளைத்து அடிக்கயிற்றைச் சுருக்கினால் அத்தனை மத்தியும் ஒரே மடியில் வந்துவிடும், கரையோர வள்ளத்துக்கு மிச்சம் இருக்காது. சண்டை அதனால்தான். கையடக்க மத்தி நாட்டுப்படகில் வந்ததா என்று கேட்டு வாங்குங்கள். சுண்டுவிரல் நீளக் குஞ்சு மத்தி எவ்வளவு மலிவாக இருந்தாலும் கூடையிலேயே இருக்கட்டும்.