இருபது ஆரஞ்சும் இரண்டு சிக்மாவும்

அன்புள்ள ஐயா,

பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஆறாம் படிவம் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு) படிக்கிறேன். வரிசையாகக் கூட்டச் சொல்லும் குறிதானே சிக்மா (Σ), அந்தச் சிக்மாவுக்குள் இன்னொரு சிக்மா வரும் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. வெளி சிக்மாவில் ஐ, 1 முதல் 4 வரை ஓடுகிறது. உள் சிக்மாவில் ஜே, 1 முதல் ஐ வரை. கூட்ட வேண்டியது ஜே. நான் உள்ளேயும் 4 வரை கூட்டி 10 எடுத்தேன், வெளியே நான்கு தடவை என்று பெருக்கி 40 எழுதினேன். விடை 20. டியூஷனில் கேட்டதற்கு, "இது சதுரம் இல்லை, முக்கோணம். பாதியாக்கிவிட்டால் போதும்" என்றார்கள். பாதியாக்கினால் சரியாகத்தான் வருகிறது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. தேர்வில் இதை நம்பி எழுதலாமா?

ஓர் ஆறாம் படிவ மாணவன்

அன்புள்ள தம்பி,

எழுதாதீர்கள். 4-க்குப் பதிலாக 3 போட்டுப் பாருங்கள். உங்கள் வழியில் 18, அதில் பாதி 9. சரியான விடை 10. இன்னும் பெரிதாக 10 போட்டால் உங்களுக்கு 550 வரும், பாதி 275. சரியான விடையோ 220. பாதி என்பது 4-க்கு மட்டும் வாய்த்த அதிர்ஷ்டம். கேள்வியில் 4 இருந்ததால் தப்பான வழிக்கு முழு மதிப்பெண் கிடைத்திருக்கும். மனம் ஒப்பவில்லை என்றீர்களே, அந்த மனத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

பாதி எங்கே பிசகுகிறது? ஒரு தாளில் நான்கு வரிசை போடுங்கள், ஒவ்வொன்றிலும் 1 2 3 4. மொத்தம் 16 கட்டம், கூட்டினால் 40. இப்போது முதல் வரிசையில் 1 மட்டும் வைத்து மற்றதை அடியுங்கள். இரண்டாவதில் 1 2, மூன்றாவதில் 1 2 3, நான்காவதில் எல்லாமே. அடிபட்டவை 6 கட்டங்கள், மிஞ்சியவை 10. கட்டத்தின் எண்ணிக்கையிலேயே பாதி இல்லை, பார்த்தீர்களா? ஆனால் அடிபட்ட ஆறும் பெரிய எண்கள்: 2, 3, 4, பிறகு 3, 4, பிறகு 4. கூட்டினால் 20. மிஞ்சிய பத்தில் பெரும்பாலானவை சின்ன எண்கள், கூட்டினால் அவையும் 20. இந்தச் சமன் 4-இல் நடக்கிறது, 5-இல் கலைந்துவிடும்.

உங்கள் தவறு ஒரே இடத்தில்தான். உள் சிக்மாவின் தலையில் 'ஐ' என்று இருந்ததை நீங்கள் 4 என்று படித்துவிட்டீர்கள். உள்ளே ஜே ஓடி முடியும்வரை ஐ அசையாமல் நிற்கும். ஐ 3 என்றால் ஜே 1, 2, 3 என்று ஓடி 6 கொடுத்துவிட்டு நிற்கும். அதன் பிறகே ஐ 4-க்கு நகரும். ஆகவே உள்கூட்டல் ஒவ்வொரு சுற்றிலும் வேறு: 1, 3, 6, 10.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்று, சௌரஸ்தா மார்க்கெட்டில் வாங்கிய ஆரஞ்சை நேற்று இரவு சாப்பாட்டு மேசையில் அடுக்கினேன். அடியில் பத்து, முக்கோணமாக: ஒரு வரிசையில் 4, அடுத்து 3, 2, 1. அதன் பள்ளங்களில் ஆறு, மேலே மூன்று, உச்சியில் ஒன்று. அடித்தட்டு விலகாமலிருக்க ஓரங்களில் அகராதிகளை முட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. அவற்றுக்கும் ஒரு வேலை வேண்டாமா! உச்சியிலிருந்து எண்ணினால் ஐ என்பது எத்தனையாவது தட்டு, ஜே என்பது அந்தத் தட்டில் எத்தனையாவது வரிசை. அந்த வரிசையில் ஜே ஆரஞ்சு. மொத்தம் 20.

இன்னொரு வழியும் உண்டு, எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். தட்டு தட்டாக எண்ணாமல் வரிசைகளை இனம் பிரித்து எண்ணுங்கள். ஒற்றை ஆரஞ்சு வரிசை நான்கு தட்டிலும் உண்டு. இரண்டு உள்ள வரிசை மூன்று தட்டில், மூன்று உள்ளது இரண்டில், நான்கு உள்ளது அடித்தட்டில் மட்டும். 4 + 6 + 6 + 4, மறுபடியும் 20. சிக்மாக்களை இடம் மாற்றுவது என்பார்களே, அது இதுதான். மாற்றும்போது எல்லைகளும் மாறும்: இப்போது ஜே வெளியே, 1 முதல் 4 வரை. ஐ உள்ளே, ஜே முதல் 4 வரை. எல்லையை அப்படியே விட்டு இடத்தை மட்டும் மாற்றினால், வெளியே நிற்கும் ஜே இன்னும் பிறக்காத ஐ-யைத் தேடிக்கொண்டிருக்கும். எண்ணிக்கை முடிவுள்ளதாக இருக்கும்வரை தயங்காமல் மாற்றலாம். முடிவிலித் தொடரில் அந்தச் சலுகை எப்போதும் கிடைக்காது. அதைப் பிறகு பார்த்துக்கொள்வோம்.

இந்த அடுக்குக்கு ஆரியபட்டர் 499-இலேயே சூத்திரம் எழுதிவிட்டார். கடைசி எண்ணிலிருந்து தொடர்ச்சியாக மூன்று எண்களைப் பெருக்கி 6-ஆல் வகுக்க வேண்டும்: 4 × 5 × 6 = 120, வகுத்தால் 20. அதே சுலோகத்தில் குறுக்குவழியும் சொல்கிறார்: ஒன்று கூட்டி, அதன் கனத்திலிருந்து அதையே கழித்து, 6-ஆல் வகு. 125 − 5 = 120. சுவிஸ் கணித மேதை ஆய்லர் கூட்டலுக்குச் சிக்மாவைக் குறியாகப் போட்டது 1755-இல். குறி வருவதற்கு 1256 ஆண்டுகளுக்கு முன்பே விடை வந்துவிட்டது.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். இதற்கும் வெளியே இன்னொரு சிக்மா போட்டு, இந்த அடுக்குகளையே 1 முதல் 4 வரை கூட்டுங்கள்: 1, 4, 10, 20. மொத்தம் 35. இந்தியக் கணித அறிஞர் நாராயண பண்டிதர் 1356-இல் எத்தனை சிக்மாவுக்கும் பொருந்தும் விதியைத் தந்திருக்கிறார். ஆரியபட்டரின் மூன்று எண்களுக்குப் பதில் நான்கு எண்கள், 6-க்குப் பதில் எதால் வகுப்பது என்று நீங்களே கண்டுபிடித்து எழுதுங்கள். கண்டுபிடித்ததும் 4-இல் மட்டும் சோதித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள்.

அன்புடன்.